ஒரே சர்வரில் பல டொமைன் மெயில்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்குகிறது, டவ்காட் அதைப் பெட்டியில் போட்டு ஐமேப் (போனும் கணினியும் பெட்டியைப் படிக்கும் முறை) வழியாகக் காட்டுகிறது. இப்படி அமைத்த லினக்ஸ் சர்வருக்கான வழிமுறை இது. எடுத்துக்காட்டுக்கு சோலை.காம், பாலை.காம் என்று இரண்டு டொமைன்களை வைத்துக்கொள்வோம். சர்வரின் சொந்தப் பெயர் மெயில்.வேலி.நெட். பெட்டிகள் எல்லாம் /வார்/மெயில்/விஹோஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் முதலில் டொமைன் பெயரிலும், அதற்குள் ஆள் பெயரிலும் இருக்கின்றன. அத்தனைக்கும் சொந்தக்காரர் விமெயில் என்ற ஒரே கணக்கு, அதன் யூஐடி (கணக்கு எண்) 5000.

கமாண்டுகளும் அமைப்புப் பெயர்களும் கீழே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. டெர்மினலில் அடிக்கும்போது, பெரிய எழுத்து என்று தனியாகச் சொல்லாத இடமெல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு காட்டிய இடத்தில் அடிக்கோடும் வர வேண்டும்.

## எதையும் தொடும் முன்

முதல் வேலை மெயில் தொலையாமல் பார்த்துக்கொள்வது. போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்பு ஃபைலான மெயின்.சிஎஃப்-இல் "சாஃப்ட்_பவுன்ஸ் = யெஸ்" என்று போட்டு "போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்" கொடுங்கள். இதன்பின் போஸ்ட்ஃபிக்ஸ் 5-இல் தொடங்கும் நிரந்தர மறுப்புக்குப் பதில் 4-இல் தொடங்கும் தற்காலிக மறுப்பைச் சொல்லும். அனுப்பிய சர்வர் மெயிலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். பெரும்பாலான சர்வர்கள் நான்கைந்து நாள் விடாமல் முயலும் என்பதால், நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

/எட்ஸி/போஸ்ட்ஃபிக்ஸ், /எட்ஸி/டவ்காட் இரண்டையும் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். நடப்பதை எல்லாம் சர்வர் எழுதி வைக்கும் லாகைத் தனி ஜன்னலில் ஓட விடுங்கள். டெபியன், உபுண்டுவில் /வார்/லாக்/மெயில்.லாக், ரெட் ஹாட் குடும்பத்தில் /வார்/லாக்/மெயில்லாக். அந்த ஃபைலே இல்லையென்றால் ஜர்னல்சிடிஎல்-இல் தேடுங்கள்.

லாகில் முதலில் பார்க்க வேண்டியது "ரிலே=" என்ற இடம். அங்கே "லோக்கல்" என்று இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த டொமைனை "மைடெஸ்டினேஷன்" பட்டியலில் பார்த்திருக்கிறது. "வெர்ச்சுவல்" என்றால் "வெர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_டொமைன்ஸ்" பட்டியலில் பார்த்து, தானே பெட்டியில் எழுதியிருக்கிறது. "பிரைவேட்/டவ்காட்-எல்எம்டிபி" என்றால் எல்எம்டிபி (மெயிலைக் கைமாற்றும் முறை) வழியாக டவ்காட்டிடம் ஒப்படைத்துவிட்டது. வெளி சர்வரின் பெயரும் ஐபியும் இருந்தால், அந்த டொமைன் நம்முடையது என்றே அதற்குத் தெரியவில்லை. பல டொமைன் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு சொல்லிலேயே பிடிபட்டுவிடும். ஒரு டொமைன் ஒரே ஒரு பட்டியலில்தான் இருக்க வேண்டும். இரண்டில் இருந்தாலும் தகராறு, ஒன்றிலும் இல்லாவிட்டாலும் தகராறு.

## அறிகுறி: வெளியிலிருந்து எதுவுமே வரவில்லை, லாகில் ஒரு வரிகூட இல்லை

மெயில் சர்வரின் வாசலுக்கே வரவில்லை என்று அர்த்தம். போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பை நோண்ட வேண்டாம்.

புதிதாகச் சேர்த்த டொமைனுக்கு மட்டும் வரவில்லையா? "டிக் எம்எக்ஸ் பாலை.காம்" கொடுத்துப் பாருங்கள். எம்எக்ஸ் என்பது டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி. அது இல்லையென்றால், அனுப்பும் சர்வர்கள் அந்த டொமைனின் ஏ ரெக்கார்டு (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் வரி) காட்டும் ஐபிக்கு நேரே போகும். அது பெரும்பாலும் வெப்சைட் இருக்கும் வேறு சர்வர். எம்எக்ஸில் ஐபி எண்ணைப் போடக் கூடாது, சர்வரின் பெயரைப் போட வேண்டும். அந்தப் பெயருக்கு நேரடியாக ஏ ரெக்கார்டு வேண்டும், வேறொரு பெயரைக் காட்டும் சிநேம் கூடாது. எத்தனை டொமைன் இருந்தாலும் எல்லாவற்றின் எம்எக்ஸும் மெயில்.வேலி.நெட் என்ற ஒரே பெயரைக் காட்டலாம், அதுவே நல்லதும்.

எந்த டொமைனுக்கும் வரவில்லையா? சர்வரில் "எஸ்எஸ் -எல்டிஎன்பி" கொடுத்து 25-ஆம் போர்ட்டைப் பாருங்கள். 127.0.0.1:25 மட்டும் தெரிந்தால் "ஐநெட்_இன்டர்ஃபேசஸ்" லூப்பேக்கோடு (சர்வர் தனக்குள்ளேயே பேசும் முகவரி) நிற்கிறது. "ஆல்" என்று மாற்றுங்கள். இந்த ஒரு அமைப்புக்கு ரீலோட் போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். "மாத்திட்டேன், ஆனா அப்படியே இருக்கு" என்று மணிக்கணக்கில் அலைய வைக்கும் இடம் இது.

கேட்கும் போர்ட் சரியாக இருந்தால் அடுத்து ஃபயர்வால், அதற்கு மேல் கிளவுட் நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள செக்யூரிட்டி விதிகள். வெளியிலிருந்து டெல்நெட் போட்டுச் சோதிக்கும்போது வீட்டு இணைப்பை நம்பாதீர்கள். பல வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் 25 அடைபட்டிருக்கும், சர்வர் நன்றாக இருந்தாலும் இணைப்பு கிடைக்காது. வேறொரு சர்வரிலிருந்து சோதியுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: வெளியே இருக்கும் சர்வரிலிருந்தும் 25 திறக்கவில்லை, ஃபயர்வாலும் சரி என்றால், சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்திடம் டிக்கெட் போடுவதுதான் வழி.

## அறிகுறி: "ரிலே ஆக்சஸ் டினைட்"

முன்னால் 454 அல்லது 554 என்ற எண் இருக்கும். முதலில் யார் அனுப்பியது, யாருக்கு என்று பாருங்கள்.

வெளியாள் நம் டொமைனுக்கு அனுப்பினால் அந்த டொமைன் எந்தப் பட்டியலிலும் இல்லை. "போஸ்ட்கான்ஃப் வெர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_டொமைன்ஸ்" கொடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ் உண்மையில் என்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஃபைலைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு "இருக்கிறதே" என்று சொல்வது செல்லாது. ஏனென்றால்:

- அதே பெயர் மெயின்.சிஎஃப்-இல் இரண்டு முறை இருந்தால் கடைசியில் இருப்பதுதான் எடுபடும். "ஓவர்ரைடிங் எர்லியர் என்ட்ரி" என்று எச்சரிக்கையும் வரும், யாரும் படிப்பதில்லை.
- வரியின் தொடக்கத்தில் இடைவெளி விட்டிருந்தால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி ஆகிவிடும். வலைப்பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது ஒரு ஸ்பேஸ் கூடவே வந்துவிடும்.
- பட்டியல் தனி ஃபைலில் ஹேஷ் வகையாக (போஸ்ட்மேப் கமாண்டு .டிபி ஃபைலாக மாற்றித் தரும் அட்டவணை) இருந்தால், ஒவ்வொரு வரியிலும் டொமைனுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சொல் வேண்டும். "பாலை.காம் ஓகே" என்பதுபோல. "ஓகே"வுக்குத் தனியாக அர்த்தம் இல்லை, ஆனால் வலப்பக்கம் காலியாக இருக்கக் கூடாது. சேர்த்தபின் "போஸ்ட்மேப்" ஓட்டியாக வேண்டும்.

நம் ஆள் தன் போனிலிருந்து வெளியே அனுப்பும்போது இதே வரி வந்தால் நோய் வேறு. அவர் லாகின் செய்யாமல் 25-ஆம் போர்ட்டில் அனுப்புகிறார். 587-க்கு மாற்றி, வெளிச்செல்லும் மெயிலுக்கும் யூசர்நேம், பாஸ்வேர்ட் போடச் சொல்லுங்கள்.

இரண்டிலும் செய்யக் கூடாதது ஒன்று: "மைநெட்வொர்க்ஸ்" பட்டியலில் பெரிய ஐபி வரம்பைச் சேர்ப்பது. மறுப்பு உடனே நின்றுவிடும். அடுத்தது ஊரார் ஸ்பேம் எல்லாம் உங்கள் சர்வர் வழியாகப் போகும், ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும். அப்படி ஏற்கெனவே யாராவது செய்து வைத்திருந்து, க்யூவில் ஆயிரக்கணக்கில் அறிமுகமில்லாத மெயில் தெரிந்தால், போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிட்டு அனுபவமுள்ள அட்மினைக் கூப்பிடுங்கள்.

சர்வருக்குள்ளிருந்தே எழும் மெயிலில் "லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்" என்று வந்தாலும் காரணம் அதேதான். எம்எக்ஸ் நம்மைக் காட்டுகிறது, பட்டியலில் நாம் அந்த டொமைனைச் சேர்க்கவில்லை.

## அறிகுறி: "யூசர் அன்னோன்"

வரியின் கடைசிச் சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று விதமாக முடியும்.

### "...இன் லோக்கல் ரெசிபியண்ட் டேபிள்" என்று முடிந்தால்

டொமைன் "மைடெஸ்டினேஷன்" பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் இன்ஃபோ@சோலை.காம் என்பதை வைத்து, சர்வரில் "இன்ஃபோ" என்று ஒரு லினக்ஸ் யூசர் இருக்கிறாரா என்று தேடுகிறது. வெர்ச்சுவல் பட்டியலிலும் அதே டொமைன் இருந்தாலும் மைடெஸ்டினேஷனுக்குத்தான் முன்னுரிமை. லாகில் "டு நாட் லிஸ்ட் டொமைன் சோலை.காம் இன் போத்..." என்று எச்சரிக்கை ஓடிக்கொண்டிருக்கும்.

டெபியன், உபுண்டுவில் இது தானாக வந்து சேர்கிறது. போஸ்ட்ஃபிக்ஸை நிறுவும்போது "சிஸ்டம் மெயில் நேம்" என்று ஒரு நீலத் திரை கேட்கும். எல்லோரும் அங்கே தங்கள் முக்கிய டொமைனைத் தட்டிவிடுவார்கள். அது /எட்ஸி/மெயில்நேம் ஃபைலிலும் மைடெஸ்டினேஷனிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

தீர்வு: "மைடெஸ்டினேஷன் = $மைஹோஸ்ட்நேம், லோக்கல்ஹோஸ்ட்" என்று சுருக்குங்கள். மைஹோஸ்ட்நேம் என்பது மெயில்.வேலி.நெட் ஆக இருக்க வேண்டும், வெறும் சோலை.காம் ஆக இருக்கக் கூடாது. கூடவே "மைஆரிஜின் = $மைஹோஸ்ட்நேம்" என்றும் போடுங்கள். இதை விட்டால் கிரான் (குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டுவது) அனுப்பும் மெயில் ரூட்@சோலை.காம் என்று கிளம்பி, இல்லாத பெட்டியைத் தேடி அலையும். ரூட் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்பதை /எட்ஸி/ஏலியாசஸ் ஃபைலில் எழுதி "நியூஏலியாசஸ்" ஓட்டுங்கள்.

### "...இன் வெர்ச்சுவல் ஏலியாஸ் டேபிள்" என்று முடிந்தால்

டொமைனை ஏலியாஸ் டொமைன் (தனிப் பெட்டி இல்லாமல், மெயிலை வேறு முகவரிக்குத் திருப்புவது) என்று போஸ்ட்ஃபிக்ஸ் எண்ணுகிறது. "வெர்ச்சுவல்_ஏலியாஸ்_டொமைன்ஸ்" என்று நீங்கள் எழுதவே இல்லையென்றாலும் இது நடக்கும். அதன் இயல்பு மதிப்பே "$வெர்ச்சுவல்_ஏலியாஸ்_மேப்ஸ்" தான். ஏலியாஸ் ஃபைலில் யாராவது "சோலை.காம் எதுவானாலும்" என்று டொமைன் பெயரை மட்டும் இடப்பக்கம் வைத்து ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அந்த டொமைன் ஏலியாஸ் டொமைன் ஆகிவிடும். பழைய வழிகாட்டிகளில் அந்த வரி அப்படியே இருக்கும். வரியை நீக்கி, போஸ்ட்மேப் ஓட்டுங்கள். ஏலியாஸ் டொமைன் எதுவுமே தேவையில்லை என்றால் "வெர்ச்சுவல்_ஏலியாஸ்_டொமைன்ஸ் =" என்று காலியாக எழுதிவிடுங்கள்.

### "...இன் வெர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டேபிள்" என்று முடிந்தால்

டொமைன் சரியான பட்டியலில் இருக்கிறது, அந்த முகவரி மட்டும் இல்லை. மூன்றில் இதுதான் சுலபம்.

"போஸ்ட்மேப் -க்யூ இன்ஃபோ@சோலை.காம் ஹேஷ்:/எட்ஸி/போஸ்ட்ஃபிக்ஸ்/விமெயில்பாக்ஸ்" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுத்துப் பிழை, அல்லது சேர்த்தபின் போஸ்ட்மேப் ஓட்டவில்லை. மூல ஃபைலின் நேரமும் .டிபி ஃபைலின் நேரமும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். புதிய லினக்ஸ் பதிப்புகள் சிலவற்றில் ஹேஷ் வகையே கிடையாது, எல்எம்டிபி வகை இருக்கும். "போஸ்ட்கான்ஃப் -எம்" எந்தெந்த வகை உண்டு என்று காட்டும். பெயர்களில் குழம்பாதீர்கள்: மேப் வகையான எல்எம்டிபி வேறு, டவ்காட்டுக்கு மெயிலைக் கொடுக்கும் எல்எம்டிபி வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. முன்னதின் கடைசி எழுத்து டேட்டாபேஸின் பி, பின்னதின் கடைசி எழுத்து புரோட்டோகாலின் பி.

போஸ்ட்மேப் பதில் தருகிறது, ஆனாலும் மறுக்கிறது என்றால், மெயின்.சிஎஃப் வேறொரு ஃபைலைக் காட்டுகிறது. போஸ்ட்கான்ஃப் சொல்லும் பாதையையே நகலெடுத்து மறுபடி கேளுங்கள்.

மறுப்பு வரவே இல்லை, கண்ட கண்ட பெயருக்கும் மெயிலை ஏற்கிறது என்பதும் ஒரு கோளாறுதான். "வெர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_மேப்ஸ்" காலியாக இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த டொமைனின் எல்லா முகவரியையும் ஏற்கும். பிறகு டவ்காட் "அப்படி ஆளே இல்லை" என்று சொல்லும். போஸ்ட்ஃபிக்ஸ் திருப்பி அனுப்பும் அறிவிப்பு, ஸ்பேமர் போலியாகப் போட்ட அனுப்புநர் முகவரிக்குப் போய்ச் சேரும். அப்பாவிகளுக்குத் தொல்லை, ஐபிக்குக் கெட்ட பெயர்.

## அறிகுறி: இன்ஃபோ@சோலை.காம் மெயில் இன்ஃபோ@பாலை.காம் பெட்டியில்

இரண்டு நிறுவனங்களின் கடிதம் கலக்கிறது. மற்ற கோளாறுகளில் மெயில் நின்றுபோகும், இதில் அடுத்தவர் படித்துவிடுவார். கண்டுபிடிக்கும்வரை இரண்டு பெட்டிகளின் லாகினையும் நிறுத்தி வைத்தால்கூடத் தப்பில்லை.

1. லாகில் "ரிலே=லோக்கல்" என்று இருந்தால் இரண்டு டொமைன்களும் மைடெஸ்டினேஷனில் இருக்கின்றன. லோக்கல் வழியில் @ குறிக்கு வலப்பக்கம் யாரும் பார்ப்பதில்லை. தீர்வு மேலே சொன்னதுதான்.

2. எந்த முகவரிக்கு எந்தப் பெட்டி என்று சொல்லும் விமெயில்பாக்ஸ் ஃபைலில் வரியை நகலெடுத்து இடப்பக்கத்தை மட்டும் திருத்தி, வலப்பக்கத்தை மறந்திருப்பார்கள்:

   இன்ஃபோ@சோலை.காம்  சோலை.காம்/இன்ஃபோ/
   இன்ஃபோ@பாலை.காம்  சோலை.காம்/இன்ஃபோ/

   வலப்பக்கக் கடைசியில் உள்ள சாய்கோட்டையும் கவனியுங்கள். அது இருந்தால் மெயில்டிர், ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல். விட்டுப்போனால் எம்பாக்ஸ், எல்லா மெயிலும் ஒரே ஃபைலில்.

3. டவ்காட்டில் பெட்டியின் பாதை ஆள் பெயரை மட்டும் வைத்து அமைந்திருக்கும். 2.3 பதிப்பில் "மெயில்_லொகேஷன் = மெயில்டிர்:/வார்/மெயில்/விஹோஸ்ட்ஸ்/%டி/%என்" என்று இருக்க வேண்டும். %டி டொமைன், %என் ஆள் பெயர். %டி இல்லையென்றால் எல்லா இன்ஃபோவும் ஒரே ஃபோல்டர்தான்.

4. "ஆத்_யூசர்நேம்_ஃபார்மேட்" அமைப்பில் %எல்என் என்று இருந்தால், டவ்காட் லாகின் பெயரிலிருந்து டொமைனை வெட்டி எறிந்துவிடும். %எல்யூ ஆக மாற்றுங்கள், இரண்டிலும் எல் மட்டும் பெரிய எழுத்து. இது ஒளிந்து கிடக்கும் காரணம். பாதை அமைப்பு சரியாகத் தெரியும், ஆனால் %டி-க்கு டொமைனே வந்து சேராது.

5. ஆட்கள் டேட்டாபேஸில் இருந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் கொரியில் (டவ்காட்டின் சுருக்கங்களோடு குழப்பாதீர்கள்) முழு முகவரியான %எஸ்-க்குப் பதில் முன்பாதியான %யூ மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே கலந்துவிட்ட மெயிலைப் பிரிக்க, எந்த முகவரிக்குச் சேர்த்தது என்று மெயிலின் தலைப்பில் இருக்கும் "டெலிவர்ட்-டு" ஹெட்டர் உதவும். பெட்டியின் நியூ, கர் ஃபோல்டர்களில் "கிரெப் -எல்" கொண்டு பாலை.காம் முகவரி வரும் ஃபைல்களைப் பட்டியலெடுத்து, அதே பெயரோடு சரியான பெட்டியின் கர் ஃபோல்டருக்கு நகர்த்தி, சொந்தக்காரரை விமெயில் ஆக்குங்கள். மெயில்டிராக இருந்தால் இது அரை மணி நேர வேலை. எம்பாக்ஸாக இருந்தாலோ, மாதக்கணக்கில் கலந்து கிடந்தாலோ நீங்களே வெட்டாதீர்கள். முழு நகலை எடுத்து வைத்துவிட்டு, செய்து பழகியவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: ஒரு டொமைனின் எல்லா மெயிலும் ஒரே ஆளுக்கு

ஏலியாஸ் ஃபைலில் இப்படி ஒரு வரி இருக்கும்:

@சோலை.காம்  முதலாளி@சோலை.காம்

இல்லாத முகவரிக்கு வருவது முதலாளிக்குப் போகட்டும் என்று நினைத்துப் போட்டது. ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் ஏலியாஸ் அட்டவணையைத்தான் முதலில் பார்க்கும். பெட்டி இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. கணக்கு@சோலை.காம் என்பதற்கு உண்மையான பெட்டி இருந்தாலும், ஏலியாஸ் ஃபைலில் அந்தப் பெயருக்குத் தனி வரி இல்லாததால் @ வரி அதை விழுங்கிவிடும்.

தீர்வு: பெட்டியுள்ள ஒவ்வொரு முகவரிக்கும் தன்னைத்தானே காட்டும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

கணக்கு@சோலை.காம்  கணக்கு@சோலை.காம்

பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் இதுதான் முறை. முழு முகவரியைத் தேடிய பிறகே @ வரியைத் தேடும் என்பதால் வரிசை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. புதுப் பெட்டி திறக்கும்போதெல்லாம் இந்த வரியையும் சேர்க்க வேண்டும். மறந்தால் அந்தப் புது ஆளின் மெயில் முதலாளிக்குப் போகும்.

@ வரியை விமெயில்பாக்ஸ் ஃபைலுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போஸ்ட்ஃபிக்ஸே பெட்டியில் எழுதும் அமைப்பில் அது சரி. டவ்காட்டிடம் எல்எம்டிபி வழியாகக் கொடுக்கும் அமைப்பில் சரிவராது. அங்கே விமெயில்பாக்ஸின் வலப்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. முகவரி அப்படியே டவ்காட்டுக்குப் போகும், அது "ஆள் இல்லை" என்று தள்ளும்.

கேட்டால், இந்த @ வரியே வேண்டாம் என்பதுதான் சரியான ஆலோசனை. அதில் விழுவதில் பெரும்பகுதி ஸ்பேம். இரண்டு மூன்று எழுத்துப் பிழைப் பெயர்களுக்குத் தனித்தனி ஏலியாஸ் போட்டால் முடிந்தது.

## அறிகுறி: "451 டெம்பரரி லுக்கப் ஃபெயிலியர்"

ஏதோ ஓர் அட்டவணையைத் திறக்க முடியவில்லை. எது என்று அதற்கு முந்தைய எச்சரிக்கை வரியில் இருக்கும்.

பெரும்பாலும் .டிபி ஃபைலை உருவாக்கவே இல்லை, போஸ்ட்மேப் ஓட்டினால் தீரும். ஆட்கள் மைஎஸ்கியூஎல்-இல் இருந்தால் அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஓடுகிறது, ரூட்டாக "போஸ்ட்மேப் -க்யூ" கேட்டால் பதிலும் வருகிறது, ஆனால் மெயில் வரும்போது மட்டும் தோற்கிறது என்றால் குரூட் (ஒரு புரோகிராமை ஒரே ஃபோல்டருக்குள் அடைப்பது) காரணம். டெபியனின் பல நிறுவல்களில் எஸ்எம்டிபிடி (வாசலில் மெயிலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் பகுதி) /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் ஃபோல்டருக்குள் அடைபட்டு ஓடும். "ஹோஸ்ட்ஸ் = லோக்கல்ஹோஸ்ட்" என்று எழுதினால் மைஎஸ்கியூஎல் சாக்கெட் ஃபைலைத் தேடும், அந்த ஃபைல் அடைப்புக்கு வெளியே இருக்கிறது. "127.0.0.1" என்று மாற்றுங்கள், அல்லது மெயின்.சிஎஃப்-இல் மைஎஸ்கியூஎல் முன்னால் "ப்ராக்ஸி:" சேருங்கள். டேட்டாபேஸே எழ மறுத்தால், அதைப் பழுது பார்ப்பது மெயில் ஆளின் வேலையல்ல. டேட்டாபேஸ் தெரிந்தவரிடம் விடுங்கள்.

## அறிகுறி: மெயிலை வாங்குகிறது, க்யூவில் நிற்கிறது

"போஸ்ட்க்யூ -பி" ஒவ்வொரு மெயிலுக்கும் அடைப்புக்குறிக்குள் காரணம் சொல்லும்.

"நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி": எல்எம்டிபி சாக்கெட்டே (இரண்டு புரோகிராம்களும் பேசிக்கொள்ளும் ஃபைல்) இல்லை. டெபியனில் டவ்காட்-எல்எம்டிபிடி தனிப் பேக்கேஜ், நிறுவியிருக்கிறதா பாருங்கள். டவ்காட் பக்கத்தில் சாக்கெட்டின் பாதை முழுதாக, /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/பிரைவேட்/டவ்காட்-எல்எம்டிபி என்று இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் பக்கத்தில் "எல்எம்டிபி:யூனிக்ஸ்:பிரைவேட்/டவ்காட்-எல்எம்டிபி" என்று மட்டும், முன்னால் சாய்கோடு இல்லாமல்.

"கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்": சாக்கெட் கிடக்கிறது, டவ்காட் விழுந்துவிட்டது. "டவ்கான்ஃப் -என்" ஓட்டினால் எந்த வரி இடிக்கிறது என்று தெரியும். டெபியன் 13-க்கு ஏற்றிய கையோடு இது நடந்திருந்தால் காரணம் பதிப்பு மாற்றம். அதில் டவ்காட் 2.4 வருகிறது, 2.3-இன் அமைப்பு ஃபைல் அப்படியே ஓடாது. மெயில்_லொகேஷன் போய் மெயில்_டிரைவர், மெயில்_பாத் என்று பிரிந்துவிட்டது. %டி, %என் போன்ற சுருக்கங்களும் மாறிவிட்டன. பழைய ஃபைலை ஒட்டுப்போடுவதைவிடப் புதிதாக எழுதுவது விரைவில் முடியும்.

"பெர்மிஷன் டினைட்" என்று சாக்கெட்டைச் சொன்னால் டவ்காட் அமைப்பில் அந்த சாக்கெட்டுக்கு மோட் 0600, யூசர், குரூப் இரண்டும் போஸ்ட்ஃபிக்ஸ் என்று கொடுங்கள்.

"இன்டர்னல் எர்ரர்" என்றால் டவ்காட்டின் லாகைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் "மிஸ்ஸிங் +டபிள்யூ பெர்ம்: /வார்/மெயில்/விஹோஸ்ட்ஸ், டைர் ஓன்ட் பை 0:0" என்பதுபோல் இருக்கும். ஃபோல்டர் ரூட்டின் பெயரில் இருக்கிறது, 5000-ஆல் எழுத முடியவில்லை. புது டொமைனுக்கு ஃபோல்டரை ரூட்டாக உருவாக்கிவிட்டு அப்படியே விட்டால் இதுதான் வரும். "சௌன் -ஆர் விமெயில்:விமெயில் /வார்/மெயில்/விஹோஸ்ட்ஸ்" கொடுத்தால் சரியாகும், இதில் "ஆர்" மட்டும் பெரிய எழுத்து. அனுமதி எல்லாம் சரி, ஆனாலும் மறுக்கிறது, சர்வர் ரெட் ஹாட் குடும்பம் என்றால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு தடுக்கிறது. அதை அணைக்காமல், பெட்டிகளின் ஃபோல்டருக்கு மெயில்_ஸ்பூல்_டி என்ற லேபிளைக் கொடுத்து "ரெஸ்டோர்கான்" ஓட்டுங்கள்.

"452 இன்சஃபிஷியன்ட் சிஸ்டம் ஸ்டோரேஜ்": இது க்யூவில் நிற்காது, வாசலிலேயே மறுக்கும். க்யூ இருக்கும் டிஸ்க்கில் "மெசேஜ்_சைஸ்_லிமிட்" அளவைப்போல் ஒன்றரை மடங்கு இடமாவது இல்லாவிட்டால் வரும். "டிஎஃப் -எச்" மட்டும் பார்த்து நிறுத்தாமல் "டிஎஃப் -ஐ"யும் பாருங்கள். மெயில்டிரில் மெயிலுக்கு ஒரு ஃபைல் என்பதால், இடம் இருக்கும்போதே ஐநோடு (ஃபைலுக்கு ஒன்று வீதம் டிஸ்க் ஒதுக்கும் பதிவு) தீர்ந்துபோகும். லாகில் டிஸ்க் படிப்புப் பிழையும் தெரிந்தால் எதையும் அழிக்காதீர்கள். முதலில் நகல், பிறகு ஹார்டுவேர் ஆள்.

## அறிகுறி: லாகில் "ஸ்டேட்டஸ்=சென்ட்", பெட்டியில் ஒன்றும் இல்லை

போஸ்ட்ஃபிக்ஸ் ஓரிடத்தில் எழுதுகிறது, டவ்காட் வேறிடத்தில் படிக்கிறது. சோதனை மெயில் ஒன்றை அனுப்பிவிட்டு "ஃபைண்ட் /வார்/மெயில் /ஹோம் -டைப் எஃப் -எம்மின் -5" கொடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதிய ஃபைல் எங்கே கிடக்கிறது என்று தெரியும். அடுத்து "டவ்அட்ம் யூசர் இன்ஃபோ@சோலை.காம்" கொடுத்தால், டவ்காட் எந்த இடத்தை அந்த ஆளின் பெட்டி என்று நம்புகிறது என்று காட்டும். இரண்டு பாதைகளையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் கடைசியில் "மெயில்டிர்" என்ற ஃபோல்டர் கூடுதலாக இருப்பது அடிக்கடி கண்ணில் படுவது.

நிரந்தரத் தீர்வு, போஸ்ட்ஃபிக்ஸை எழுத விடாமல் "வெர்ச்சுவல்_டிரான்ஸ்போர்ட்" வழியாக எல்லாவற்றையும் டவ்காட்டிடமே கொடுத்துவிடுவது. படிப்பவரே எழுதினால் பாதை பிசகாது.

## அறிகுறி: வேறிடத்துக்கு மாறிய டொமைனுக்கு நம் சர்வரிலிருந்து மட்டும் போகவில்லை

பாலை.காம் உரிமையாளர் மெயிலை வேறு சேவைக்கு மாற்றிவிட்டார். ஊர் முழுக்க அனுப்புவது அவருக்குப் போகிறது, இந்த சர்வரில் இருக்கும் சோலை.காம் ஆட்களும் வெப்சைட்டின் தொடர்புப் படிவமும் அனுப்புவது மட்டும் போகவில்லை. டொமைன் இன்னும் நம் பட்டியலில் இருக்கிறது, போஸ்ட்ஃபிக்ஸ் எம்எக்ஸைப் பார்க்காமல் பழைய பெட்டியிலேயே போட்டுக்கொண்டிருக்கிறது. பட்டியலிலிருந்து எடுத்து ரீலோட் செய்யுங்கள். பழைய பெட்டியில் தேங்கியதை உரிமையாளருக்கு எடுத்துக் கொடுக்க மறக்காதீர்கள்.

## அறிகுறி: போனில் சான்றிதழ் எச்சரிக்கை, அல்லது லாகின் மறுப்பு

ஆட்கள் சர்வர் பெயராக மெயில்.சோலை.காம் என்று போட்டிருப்பார்கள், சான்றிதழ் மெயில்.வேலி.நெட் பெயரில் இருக்கும். எல்லா டொமைன்காரர்களையும் மெயில்.வேலி.நெட் என்றே போடச் சொல்வது செலவில்லாத வழி. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அவர்கள் பெயரையும் ஒரே சான்றிதழில் சேர்த்து வாங்கலாம்.

லாகின் மறுத்தால், யூசர்நேமில் "இன்ஃபோ" என்று மட்டும் போட்டிருக்கிறார்களா பாருங்கள், முழு முகவரி வேண்டும். அப்படியும் ஏறவில்லையென்றால் "டவ்அட்ம் ஆத் டெஸ்ட் இன்ஃபோ@சோலை.காம்" சர்வரிலேயே சோதித்துவிடும். அங்கே வெற்றி என்றால் கோளாறு போனில்.

## சரியான பிறகு

க்யூவில் தேங்கியவற்றுக்கு "போஸ்ட்க்யூ -எஃப்" மட்டும் போதாது. ஏலியாஸ் மாற்றம் மெயில் உள்ளே நுழையும்போதே நடந்துவிடுவதால், பழைய தவறான முகவரியோடுதான் அவை நிற்கும். "போஸ்ட்சூப்பர் -ஆர் ஆல்" கொடுங்கள், அதில் "ஆல்" மட்டும் பெரிய எழுத்து. எல்லா மெயிலும் மறுபடி முதலிலிருந்து நுழையும்.

வெளி முகவரி ஒன்றிலிருந்து ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரே ஆள் பெயரில் ஒரு மெயில் அனுப்பி, "டெலிவர்ட்-டு" ஹெட்டரைப் பாருங்கள். இல்லாத பெயருக்கும் ஒன்று அனுப்பிப் பாருங்கள், மறுக்க வேண்டும். அதன்பின் சாஃப்ட்_பவுன்ஸ் வரியை எடுத்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். அதை விட்டுவிட்டால், தவறான முகவரிக்கு அனுப்பியவர்களுக்கு அது தவறு என்றே நான்கைந்து நாள் தெரியாது.